ஒரே ஆள் போதும்

மார்ச் 4, திங்கள்

கால் வீங்கிவிட்டது. எட்டு மணி நேரம் ஷெட்டில் நின்றால் வீங்காமல் என்ன செய்யும். ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், ஒரு கையில் அட்டை, காதோரம் பென்சில். பன்னிரண்டு இயந்திரம், பதினோரு ஆள். எது எப்போது நின்றது, ஏன் நின்றது, மறுபடி ஓட எத்தனை நொடி ஆனது — மூன்று வாரம் இதையே எழுத வேண்டும்.

பம்ப்பின் இரும்புக் கூட்டைக் கடைகிற இந்தப் பழைய வரிசையை எடுத்துவிடப் போகிறார்கள். பதினான்கு வகைக் கூட்டையும், எதை முதலில் கேட்டாலும், தானே மாற்றி மாற்றிச் செய்துகொள்கிற புது அமைப்பு வரப்போகிறது. அதற்கு எத்தனை இயந்திரம், எத்தனை ஆள் என்று சொல்ல வேண்டியது நான். அலுவலகத்தில் சிமுலேஷன் தெரிந்த ஒரே பிறவி நான்தானாம்.

சாயங்காலம் கீழ்வீட்டில் தம்பி மகள் பிடித்துக்கொண்டாள். "அத்தை, கம்ப்யூட்டர்ல நீ என்னதான் பண்ற?"

"பொம்மை ஃபேக்டரி ஒண்ணு பண்றேன். நிஜ ஃபேக்டரி எப்படி ஓடுமோ அப்படியே அதுவும் ஓடும். தப்பு இருந்தா பொம்மையிலயே தெரிஞ்சிடும்."

"அதுல அப்பா இருக்காரா?"

தம்பி அந்த வரிசையில்தான் ஆப்பரேட்டர். "இருக்காரு. சின்ன வட்டமா இருப்பாரு" என்றேன். அவளுக்குத் திருப்தியில்லை. வட்டத்துக்கு மீசை வேண்டுமாம்.

மார்ச் 7, வியாழன்

ஷெட் இவ்வளவு ஒழுங்காக ஓடும் என்று நான் நினைக்கவில்லை. இரும்பைக் கடையும்போது சீவல் சுருள் சுருளாக வந்து அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், இயந்திரம் நின்றுவிடும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இன்று முழு ஷிஃப்டுக்கும் மூன்றே மூன்று தடவை.

தம்பியின் கூட்டாளி, கட்டையன் என்று எல்லாரும் கூப்பிடுகிற ஆள், கையில் கொக்கியோடு அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருந்தார். என்னைக் கடக்கும்போதெல்லாம் "எழுதிக்கோ தங்கச்சி, நல்லா எழுதிக்கோ" என்று ஒரு சிரிப்பு. ஆம்பிளைகள் கூட்டமாக நல்ல பிள்ளைகளாக இருப்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். இருந்தாலும் நல்லதுதானே.

மார்ச் 22, வெள்ளி

முடிந்தது. சராசரி: ஒரு ஷிஃப்டுக்கு நூற்றுப் பதினெட்டு கூடு, மூன்று நிறுத்தம். இனிமேல் உட்கார்ந்து செய்கிற வேலை.

ஏப்ரல் 3, புதன்

பழைய வரிசையை அப்படியே பொம்மையில் கட்டி ஓட்டினேன். நூற்றுப் பதினேழு.

நூற்றுப் பதினெட்டுக்கு நூற்றுப் பதினேழு! படித்த காலத்திலிருந்து இப்படி ஒரு பொருத்தத்தை நான் பார்த்ததில்லை. அச்சடித்த தாளைக் கொண்டுபோய் மேலாளர் மேஜையில் போட்டேன். "சரி சரி" என்றார். எது சொன்னாலும் அவருக்கு "சரி சரி"தான், நாங்கள் அவருக்கு வைத்திருக்கிற பெயரும் அதுதான். ஆனால் இன்றைய சரி சரியில் ஒரு புன்னகை இருந்தது.

ஏப்ரல் 11, வியாழன்

ஒரு சின்ன உறுத்தல். எழுதிவைத்துவிட்டால் போய்விடும்.

போன வருஷத்து ஷிஃப்ட் ரெஜிஸ்டரை ஸ்டோரிலிருந்து வரவழைத்தேன். அதில் சராசரி தொண்ணூற்றிரண்டு. நிறுத்தத்துக்கான கட்டத்தில் ஷிஃப்டுக்கு முப்பது கோடு போல இருக்கிறது. எழுத்தர் பொழுது போகாமல் கிழித்தானா? நான் கண்ணால் பார்த்தது மூன்று. என் கண்ணை நம்புவதா, எண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டை நம்புவதா?

அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன்: "பழைய பதிவுகள் நம்பத்தக்கவை அல்ல, விலக்கப்பட்டன." மேலாளர் அந்த வரியைப் படிக்கக்கூட இல்லை.

மே 6, திங்கள்

அடுத்த பாதி. புது அமைப்பில் எந்தக் கூட்டை எந்த இயந்திரத்துக்கு அனுப்புவது, விளக்கு எரிந்தால் என்ன செய்வது — இதையெல்லாம் கம்ப்யூட்டரே முடிவு செய்ய வேண்டும். அதற்குத் தேர்ந்த ஆள் ஒருவன் மூளையில் இருப்பதை விதி விதியாக எழுதி உள்ளே வைக்க வேண்டும். எக்ஸ்பர்ட் சிஸ்டம் என்று பெயர். எக்ஸ்பர்ட் வேறு யார், என் தம்பிதான். சாப்பாட்டு இடைவேளையில் எதிரெதிரே உட்கார்ந்து கேட்கிறேன்.

"சத்தம் மாறினா என்னடா பண்ணுவ?"

"டூலை மாத்துவேன்."

"எந்த மாதிரி மாறினா?"

"அதை எப்படி வாயால சொல்றது? உனக்குக் கோபம் வர்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுவியே, அந்த மாதிரி."

அதைக் கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்வது என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அறுபத்து மூன்று விதி ஆயிற்று. மேலாளர் ஒன்றை அடித்துவிட்டார். நாற்பத்தொன்றாவது: "கதவைத் திறக்குமுன் வண்டி எங்கே இருக்கிறது என்று பார்." புது அமைப்பில் இயந்திரங்களுக்கு நடுவே தண்டவாளத்தில் ஒரு வண்டி ஆளில்லாமல் ஓடி இரும்பைக் கொடுத்து வாங்கும். சுற்றிலும் கம்பி வேலி. வேலிக்கதவைத் திறந்தாலே வண்டி நின்றுவிடும். பிறகு எதற்கு அந்த விதி என்றார். நியாயமாகத்தான் பட்டது.

மே 20, திங்கள்

விடை வந்துவிட்டது. நான்கு இயந்திரம், ஒரு வண்டி, ஒரு ஷிஃப்டுக்கு ஒரே ஆள்.

ஒரு தடவை வேலிக்கதவைத் திறந்தால், எல்லாம் பழைய இடத்துக்கு வந்து மறுபடி கிளம்ப ஒன்பது நிமிஷம். மூன்று நிறுத்தத்துக்கு இருபத்தேழு நிமிஷம். தாங்கும். இரண்டு ஆள் போட்டும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது ஆள் நாள் முழுக்கச் சும்மா நிற்கிறான். "ஒரே ஆள் போதும்" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பகல் ஷிஃப்டுக்குத் தம்பி. விதிகள் அவனுடையவை, அவனைவிட யார் பொருத்தம்? ராத்திரி ஷிஃப்ட் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். மற்ற பத்துப் பேரும் பேக்கிங்குக்கு.

பத்துப் பேரில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டையன் மட்டும் வந்தார். "நல்லா ஓடினா இதான் பரிசா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் போனார்.

செப்டம்பர் 9, திங்கள்

புது அமைப்பு ஓட ஆரம்பித்தது. மாலை, ரிப்பன், கைதட்டல். கண்ணாடி அறைக்குள் திரையில் தம்பியின் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக ஓடின. "டூலை மாத்து." "அடுத்தது சின்னக் கூடு." அவன் அதைப் படித்துவிட்டு வெட்கப்பட்டான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

நூற்றுப் பதினெட்டு வர வேண்டிய இடத்தில் எழுபது. "பழகட்டும்" என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் சரி சரி சொல்லவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

தம்பி மனைவி மாடிக்கு வந்தாள். "அண்ணி, அவர் மத்தியானச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவர்றாரு. கேட்டா நேரமில்லைங்கறாரு. நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்."

சொல்லப் போனேன். திண்ணென்று இருந்தவன் துரும்பாகியிருக்கிறான். "அக்கா, உன் பொம்மையில நிக்காதது இங்க நின்னு நின்னு போவுது. சுருள் அடைக்குது. கதவைத் திறந்தா ஒம்பது நிமிஷம். அதுக்குள்ள அடுத்தது அடைக்குது. மேலாளர் கண்ணாடி வழியா என்னையே பார்த்துட்டு நிக்கறாரு."

நான் என்ன சொன்னேன்? "புது மெஷின்டா, கொஞ்ச நாள் ஆகும்" என்றேன். அவன் தலையாட்டினான். நான் சொன்னால் நம்புவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அந்தப் புத்தியை அவனுக்கு யார் கொடுத்தார்களோ.

அக்டோபர் 15, செவ்வாய்

நேற்றிலிருந்து நூற்றுப் பத்து. எப்படி என்று கேட்டேன். "பழகிடுச்சு" என்றான். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

தம்பியின் கை.

அக்டோபர் 18, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

வேலிக்கதவில் இரும்பு நாக்கு ஒன்று இருக்கிறது. கதவு மூடி, அந்த நாக்கு பூட்டுக்குள் நுழைந்தால்தான் வண்டி ஓடும். தம்பி எங்கிருந்தோ உதிரி நாக்கு ஒன்றைத் தேடிப் பிடித்துப் பூட்டில் செருகி வைத்திருக்கிறான். கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக எல்லாம் நம்பி ஓடும். இவன் நாற்பது நொடியில் உள்ளே போய்ச் சுருளை இழுத்துவிட்டு வெளியே வந்துவிடுவான். நாள் முழுக்க, வண்டி ஓட ஓட. திங்கள், செவ்வாய், புதன் தப்பித்தான். வியாழன் மூன்றரை மணிக்கு வண்டி அவன் நினைத்த பக்கம் போகாமல் இந்தப் பக்கம் வந்தது. வண்டிக்கும் இயந்திர மேடைக்கும் நடுவே வலது கை.

கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

வண்டியை அந்தப் பக்கம் அனுப்பியது அவனே சொல்லிக்கொடுத்த விதி. "அடுத்தது சின்னக் கூடு." நாற்பத்தொன்று இருந்திருந்தால் திரையிலாவது ஒரு வரி வந்திருக்குமே. ஐயோ, நான் ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை? நியாயமாகப் பட்டதாம் எனக்கு. என்ன நியாயத்தைக் கண்டேன் நான்?

அக்டோபர் 22, செவ்வாய்

நிர்வாகத்திடமிருந்து கடிதம். "தொழிலாளி பாதுகாப்பு ஏற்பாட்டை வேண்டுமென்றே முறியடித்தார்." அப்படி முடிவானால் வேலையும் கிடையாது, நஷ்ட ஈடும் கிடையாது. தொழிலாளர் அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி அடுத்த மாதம் ஆறாம் தேதி வருகிறார்.

தம்பி மனைவி கடிதத்தை என் கையில் கொடுத்தாள். "நீங்கதானே அண்ணி அந்த அமைப்பையே கணக்குப் போட்டீங்க. நீங்க சொன்னா கேப்பாங்கல்ல?" குற்றம் சாட்டவில்லை அவள். நிஜமாகவே கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கஞ்சி ஊட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தேற்ற ஆரம்பித்தான். கை போனவன் அவன், தேறுதல் எனக்கு.

"நீ எதுக்கு இப்படி உக்காந்திருக்க? உன் கணக்குல தப்பில்ல. நாங்க உனக்கு எப்படி ஓட்டிக் கொடுத்தோம் தெரியுமா? நீ வாட்ச்சைப் புடிச்சிட்டு வந்தன்னைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், வந்திருக்கறது எங்க அக்கா, அவ தலை குனியற மாதிரி ஒரு மெஷினும் நிக்கக் கூடாதுன்னு. மூணு வாரம் டீக்குக்கூட ஒருத்தனும் உக்காரல."

ஸ்பூன் என் கையிலேயே நின்றுவிட்டது. அவன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

அக்டோபர் 24, வியாழன்

பேக்கிங் ஷெட்டுக்குப் போய்க் கட்டையனைப் பிடித்தேன். ஆமாம் என்றார். மூன்று பேர் கொக்கியோடு வேறு வேலையே பார்க்காமல் சுற்றியிருக்கிறார்கள். விளக்கு எரிவதற்கு முன்னாலேயே, இயந்திரம் ஓடும்போதே, சுருளை இழுத்துப் போட்டிருக்கிறார்கள். பேக்கிங்கிலிருந்து இரண்டு ஆளை வேறு இரவல் வாங்கியிருக்கிறார்கள்.

"ஏன் கேக்கற தங்கச்சி? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா" என்றேன்.

கொக்கியை நான் பார்த்தேனே. மூன்று வாரமும் பார்த்தேன். இயந்திரம் நின்றால் எழுதக் கட்டம் இருந்தது. நிற்காமல் ஒருவன் பார்த்துக்கொண்டால் அதை எழுத என் அட்டையில் கட்டம் இல்லை. அதனால் எழுதவில்லை. அந்த முப்பது கோடும் நிஜம். எழுத்தர் ஒழுங்காகத்தான் கிழித்திருக்கிறான்.

அக்டோபர் 28, திங்கள்

சனி, ஞாயிறு, இன்று — பொம்மையைத்தான் ஓட்டினேன். மூன்றை எடுத்துவிட்டு முப்பது போட்டேன். இயந்திரம் புதுசானால் என்ன, இரும்பு பழைய இரும்பு, அதே சுருள்.

முப்பது தடவை ஒன்பது நிமிஷம். இருநூற்று எழுபது நிமிஷம். ஷிஃப்டே நானூற்று எண்பது. ஒரு குழந்தை போடும் பெருக்கல்.

நூறு தடவை ஓட்டினேன். கதவை ஒழுங்காகத் திறந்து மூடினால் நூறிலும் எழுபதைத் தாண்டவில்லை. கதவை ஏமாற்றினால் மட்டும் நூற்றுப் பத்து. அந்த வாரம் அவன் எடுத்த அதே நூற்றுப் பத்து. திரையில் நான்கு பெட்டிக்கு நடுவே அந்தச் சின்ன வட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. கடைசியில் திரையைத் துண்டு போட்டு மூடிவிட்டேன், அச்சு இயந்திரம் மட்டும் தாளைக் கக்கிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 30, புதன்

இந்தத் தாளைக் கொடுத்தால் அதிகாரி கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். அப்படியானால் அந்த மூன்று வாரத்தில் ஏன் மூன்று நிறுத்தம்?

உண்மையைச் சொன்னால்? பதினோரு பேரும் சேர்ந்து பொய்க் கணக்குக் கொடுத்தார்கள் என்று நிர்வாகம் துள்ளிக் குதிக்கும். முதல் பெயர் தம்பியுடையது. முன்னே ஒரு குற்றம், பின்னே ஒரு குற்றம். கட்டையனையும் சேர்த்து இழுப்பார்கள்.

அதைவிட — அவனுக்குத் தெரிந்துவிடும். அக்காவுக்காகச் செய்த காரியம்தான் தன் கையைத் தின்றது என்று. அதைத் தெரிந்துகொண்டு அவன் மிச்ச வாழ்நாளை எப்படி ஓட்டுவான்? கையில்லாமல் ஓட்டிவிடுவான். இதோடு முடியாது.

பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை, அதுதான் கொடுமை. ரெஜிஸ்டர் என் மேஜைக்கு வந்தது. நான் பார்த்தேன். ஒரு வரி எழுதித் தள்ளிவிட்டேன். அது என் எழுத்து.

நவம்பர் 6, புதன்

விசாரணை. அதிகாரி சின்ன உருவம், தடித்த கண்ணாடி, ஒவ்வொரு தாளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். இந்த நூறு தாளும் என்ன சொல்கிறது என்று கேட்டார்.

"கேட்ட எண்ணிக்கையை எடுக்கணும்னா கதவை ஏமாத்தறதைத் தவிர வேற வழியே இல்லைன்னு சொல்லுது சார். யாரை அங்க நிறுத்தியிருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. ரெண்டு ஆள் வேணும், கதவு திறந்தா சீக்கிரம் கிளம்பற வசதியும் வேணும். நான் ஒரே ஆள் போதும்னு எழுதிக் கொடுத்தேன்."

"மூணு வாரம் நேர்ல நின்னீங்களே. அப்ப இந்த முப்பது எங்க போச்சு?"

"நான் சரியாப் பார்க்கல."

"ரெஜிஸ்டர்?"

"அதுல இருந்தது. நான்தான் விலக்கினேன்." அந்த வரியை எடுத்துக் காட்டினேன். மேலாளர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்த வரியை இன்றைக்குத்தான் முதல் தடவை படித்தார் என்று நினைக்கிறேன்.

வெளியே பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான். கையில் கட்டு. கதவு திறந்தேதான் இருந்தது. நான் வரும்போது எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டான்.

நவம்பர் 21, வியாழன்

முடிவு வந்தது. தவறு தொழிலாளியுடையது அல்ல, வடிவமைப்பினுடையது. நஷ்ட ஈடு உண்டு, ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை உண்டு. புது அமைப்புக்கு இரண்டு ஆள். கட்டையன் திரும்பப் போகிறார். நாற்பத்தொன்றாம் விதியைச் சேர்த்துவிட்டார்களாம்.

இன்னொரு உறையில் என் கடிதம். நாளையிலிருந்து வரவேண்டாம். இழுப்பறையைக் காலி செய்தபோது ஸ்டாப்வாட்ச் கிடைத்தது. கம்பெனிச் சொத்து. கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன்.

டிசம்பர் 12, வியாழன்

தெருமுனை டைப்பிங் நிலையத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த எழுத்தை எந்த விரலால் அடிப்பது என்று.

கீழ்வீட்டில் என்னோடு பேசுவது தம்பி மகள் மட்டும்தான். அவள் அம்மா என்னைப் பார்த்தால் தண்ணீர்க் குடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போகிறாள். "அப்பாவும் நானும் சேர்ந்து கையெழுத்து நோட்டு எழுதறோம் அத்தை. அப்பா எழுத்து என் எழுத்தைவிட மோசம்" என்றாள் சின்னவள். சிரித்தேன். அப்புறம் அவள் போகும்வரை சிரித்த முகமாகவே இருக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

தம்பி மாடி ஏறி வந்தான். விசாரணைக்குப் பிறகு முதல் தடவை.

நாளை ஸ்டோரில் சேர்கிறான். சேருகிற படிவத்தை நிரப்ப வேண்டுமாம். மனைவிக்கு அந்த ஆபீஸ் தமிழ் ஓடவில்லையாம். நாற்காலியில் உட்காராமல் நின்றான். உட்காருடா என்றதும் நுனியில் உட்கார்ந்தான். டீ வேண்டாம் என்றான். நான் நிரப்பினேன். பெயர், வயது, முன்பு பார்த்த வேலை. "உடற்குறை" என்ற இடத்தில் அவனே சொன்னான், "வலது கை, நாலு விரல்". நான் எழுதினேன்.

எழுதி முடித்தேன். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு ஆறல. நாங்க பதினோரு பேரும் மூணு வாரம் உனக்காக உயிரைக் கொடுத்து ஓட்டினோம். ஒரு மெஷின் நிக்காம. அப்படி ஓட்டிக் கொடுத்ததை வெச்சுக்கூட உனக்கு ஒழுங்காக் கணக்குப் போடத் தெரியலையே."

பேனா மூடியைத் தேடினேன். கையிலேயே இருந்தது.

"ஆமாடா" என்றேன். "தெரியல எனக்கு."

அவன் என் பக்கம் திரும்பினான். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பான். சின்ன வயதில் நான் ஒன்றைத் தப்பு என்று ஒத்துக்கொண்டால் கூடவே நாலு காரணம் சொல்வேன், அவனுக்குத் தெரியும்.

"கையெழுத்து எங்க போடணும்?" என்றான்.

காட்டினேன். இடது கையால் மெதுவாக எழுத ஆரம்பித்தான். தாள் நழுவியது. நழுவாமல் நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.